வாஷிங் மெஷின் குழாய் ஒழுகினால் முதலில் மூடிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் விடும் குழாயில் நாள் முழுக்கச் சொட்டுகிறது. ஹோஸைக் கழற்றி, மரையில் டெஃப்லான் சுற்றி, முடிந்த மட்டும் இறுக்கியும் பார்த்தாயிற்று. கொஞ்ச நாள் நின்றிருந்த சொட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. பிளம்பர் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பெரும்பாலான வீடுகளில் இது ஒரு ரப்பர் வாஷரோடு முடிந்துவிடுகிற வேலை. ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், வாஷர் வேலை சுவரை உடைக்கிற வேலையாக மாறிவிடும். டெஃப்லான் சுற்றியும் நிற்கவில்லை என்பதிலிருந்தே ஒரு விஷயம் தெரிகிறது: அங்கே தண்ணீரை நிறுத்த வேண்டியது மரை இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே போய்விடுகிறது. போக வழி இருப்பதால், திறந்திருக்கும் நேரத்தில் கைப்பிடிப் பக்கமோ நுனியிலோ பெரிய அழுத்தம் இருக்காது. வாஷிங் மெஷின் குழாயை நாம் அப்படிப் பயன்படுத்துவதில்லை. ஒரு முறை திறந்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் மெஷினுக்குள் இருக்கும் இன்லெட் வால்வின் வேலை. ஆகவே குழாயின் கைப்பிடி, நுனி, ஹோஸ், ஹோஸின் இரண்டு பக்க நட்டு எல்லாமே 24 மணி நேரமும் மேல் டேங்கின் மொத்த அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஒரு மாடி வீட்டின் தரைத்தளத்தில் 0.7, 0.8 பார் வரும். பிரஷர் பம்ப் வைத்த அபார்ட்மென்ட்டில் 2 பாரைத் தாண்டுவதும் உண்டு. போதாததற்கு, மெஷினின் வால்வு சட்டென்று மூடும்போது ஓடிவந்த தண்ணீர் போய் முட்டி "டொக்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்த அடியும் இதே இணைப்புகளில்தான் விழுகிறது. மற்ற குழாய்களெல்லாம் நன்றாக இருக்க, இது மட்டும் ஏன் அடிக்கடி ஒழுகுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

கண்டுபிடிக்கும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. குழாயை முழுதாக மூடுங்கள். மெஷினை ஒரு நிமிடம் ஓடவிட்டால் ஹோஸுக்குள் நிற்கும் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் மெஷினை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாய், நட்டு, சுவர் எல்லாவற்றையும் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் கோளாறு, குழாய் தண்ணீரை அடைக்கும் இடத்துக்கு இந்தப் பக்கம், அதாவது மெஷின் பக்கம்: கைப்பிடி, ஹோஸ் நட்டு, ஹோஸ், மெஷின் பின்பக்கம், இவற்றில் ஒன்று. மூடிய பிறகும் ஈரம் வந்துகொண்டே இருந்தால் அந்தப் பக்கம், அதாவது சுவர்ப் பக்கம்: சுவரோடு சேரும் மரை, குழாயின் உடம்பில் விரிசல், இல்லாவிட்டால் குழாய் சரியாக மூடவே இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னது சும்மா இல்லை. நம் வீடுகளில் மெஷினின் ப்ளக் பாயின்ட் அநேகமாகக் குழாய்க்குப் பக்கத்திலேயே, சில வீடுகளில் அதற்கு நேர் கீழேயே இருக்கும். தண்ணீர் ஸ்விட்ச் போர்டு வழியாக இறங்கியிருந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். மெயின் பெட்டியில் அந்த லைனின் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை) இறக்கிவிட்டு, பிறகுதான் ப்ளக்கைத் தொட வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்பதை நம்பாதீர்கள். அது மேலே எங்கோ கசிந்து, பித்தளையின் வளைவு வழியாக வழிந்து, கடைசியில் ஹோஸ் நட்டின் அடியில் வந்து சொட்டும். பார்ப்பவர்கள் எல்லாரும் நட்டைத்தான் குற்றவாளி என்பார்கள். செய்தித்தாளைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, கைப்பிடியின் கழுத்தில் ஒன்று, சுவர் ஓரத்தில் ஒன்று, நட்டின் மேல் விளிம்பில் ஒன்று என்று சுற்றி வையுங்கள். இப்போது குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். எந்தத் தாள் முதலில் கறுத்து நனைகிறதோ அங்கேதான் கோளாறு. கையால் தடவிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் கை எல்லா இடத்தையும் ஈரமாக்கிவிடும்.

இனி ஒவ்வொரு இடமாக. அதிகம் ஒழுகுவது ஹோஸ் நட்டு. வாஷிங் மெஷின் குழாயின் நுனியில் இருக்கும் மரை முக்கால் இன்ச். அதன் மேல்தான் ஹோஸின் பிளாஸ்டிக் நட்டு ஏறுகிறது. இந்த நட்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், தட்டையாக ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அது மட்டும்தான். குக்கர் மூடியில் கேஸ்கெட் என்ன செய்கிறதோ அதையேதான் இதுவும் செய்கிறது. நட்டின் மரைக்கு இருக்கும் ஒரே வேலை, அந்த வாஷரைக் குழாயின் வாயோடு அழுத்திப் பிடிப்பது. எனவே அந்த மரையில் டெஃப்லானை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பலன் இல்லை. கெடுதல்கூட உண்டு: டெஃப்லான் தடித்துப்போனால் நட்டு கடைசி வரை ஏறாமல் பாதியிலேயே இறுகிவிடும், வாஷர் வாயைத் தொடாமலே நிற்கும். இறுக்கிய நமக்கு இறுகிய மாதிரியே இருக்கும். ஓரிரு நாள் நின்று மறுபடி ஒழுகுவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

செய்ய வேண்டியது: குழாயை மூடி, கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு நட்டைக் கையால் இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். பழைய டெஃப்லானை நகத்தாலோ பழைய பல் துலக்கியாலோ முழுக்கச் சுரண்டி எடுங்கள். வாஷரை நெம்பி எடுத்து இரண்டு விரலுக்கு இடையில் அழுத்திப் பாருங்கள். நல்ல வாஷர் அமுங்கி எழும். போனது பிளாஸ்டிக் வளையம் மாதிரி விறைத்திருக்கும், ஒரு பக்கத்தில் குழாயின் வாய் பதிந்த பள்ளம் வட்டமாகத் தெரியும், சிலவற்றில் குறுக்கே நூலிழை போல வெடிப்பும் இருக்கும். அவசரத்துக்குத் திருப்பிப் போட்டால் சில வாரம் ஓடும். ஆனால் ஹார்ட்வேர் கடையில் "முக்கால் இன்ச் ஹோஸ் வாஷர்" என்று கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது எதற்கு அந்தக் கஞ்சத்தனம்? இரண்டாக வாங்கி ஒன்றை மெஷினுக்குப் பின்னால் டேப் ஒட்டி வைத்துவிடுங்கள். அடுத்த முறை தேடி அலைய வேண்டியதில்லை.

புது வாஷரைப் போடுவதற்கு முன் குழாயின் வாய் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அங்கே உப்பு வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். வாஷர் புதிதாக இருந்தாலும் அந்தப் பொருக்கின் மேல் உட்கார்ந்தால் ஒழுகும். வினிகரிலோ எலுமிச்சைச் சாறிலோ நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகும். பிறகு தேய்த்து எடுங்கள். நட்டை ஏற்றும்போது முதல் இரண்டு சுற்றும் விரல் நுனியால் மட்டும். சாய்வாக ஏறினால் பிளாஸ்டிக் மரை உடனே போய்விடும். நேராகப் பிடித்திருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் "டக்" என்று இறங்கி உட்காரும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை மாறாமல் ஏறும். கையால் இறுகிய பிறகு கால் சுற்று போதும். பிளாஸ்டிக் நட்டின் மேல் ரிஞ்சைப் போட்டு நெரிக்க வேண்டாம்.

ஹோஸின் நுனியில் நட்டுக்குப் பதில், சுற்றிலும் நான்கு ஸ்க்ரூ உள்ள ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கிறதா? சாதாரண வாளிக் குழாயின் மூக்கில் மாட்டுவதற்கு மெஷினோடு கொடுக்கிற கனெக்டர் அது. என் அபிப்பிராயத்தில் வாஷிங் மெஷின் ஒழுகல்களில் பாதிக்கு இந்த ஒரு சாமான்தான் காரணம். நான்கு ஸ்க்ரூவும் குழாய் மூக்கைச் சமமாகப் பிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் மூக்கின் விளிம்போடு நேராக அழுந்த வேண்டும். ஒரு ஸ்க்ரூவை அதிகம் இறுக்கினால் கப் சாய்ந்துவிடும், எதிர்ப்பக்கம் ஒழுகும். அதை இறுக்கினால் இந்தப் பக்கம். சரி செய்ய வேண்டுமென்றால் நான்கையும் தளர்த்தி, கப்பை மேல்நோக்கி நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிர் ஸ்க்ரூக்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தண்ணீரை நுரையாக விடும் வலை முனை உள்ள குழாயில் இது நிற்கவே நிற்காது. அந்த முனையைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும். நிரந்தரத் தீர்வு வேண்டுமா, குழாயையே மாற்றி முக்கால் இன்ச் மரையுள்ள வாஷிங் மெஷின் குழாயைப் போடுங்கள். வாளிக்கும் தண்ணீர் வேண்டுமென்றால் டூ வே குழாய் கிடைக்கிறது, ஒரு வாய் மெஷினுக்கு, ஒரு வாய் வாளிக்கு.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருப்பவர்கள் ஹோஸை மூக்கில் செருகிக் கிளிப் போட்டிருப்பார்கள். அதில் மெஷின் பக்கம் வால்வு இல்லாததால் அழுத்தமும் தங்காது. ஒழுகினால் ஹோஸின் நைந்த நுனியை ஒரு இன்ச் வெட்டிவிட்டு மறுபடி செருகினால் ஆயிற்று.

கைப்பிடியின் கழுத்தில் வைத்த தாள் நனைந்ததா? திறந்திருக்கும்போது மட்டும் அங்கே கசியும், மூடினால் நின்றுவிடும். பல சுற்றுச் சுற்றும் பழைய மாதிரிப் பித்தளைக் குழாயென்றால் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நட்டு இருக்கும். அதை வலப்பக்கமாக அரைக்கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கைப்பிடி திருப்ப முடியாத அளவுக்கு இறுகிவிட்டால் அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். இறுக்கியும் கசிந்தால், குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தி, நட்டைத் தூக்கி, டெஃப்லானைத் திரி மாதிரி முறுக்கித் தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று திணித்து நட்டை மறுபடி போட்டால் நின்றுவிடும். கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ திறக்கும் புது மாதிரிக் குழாயில் இந்த வேலைக்கு இடமில்லை. தண்டில் இருக்கும் ஓ ரிங் தேய்ந்திருக்கும்; மொத்த ஸ்பிண்டிலையும் (கைப்பிடியோடு திரும்பி, தண்ணீரைத் திறந்து மூடும் உள் பாகத்தை) மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

குழாய் முழுதாக மூடாத கோளாறு இந்த இடத்தில் மட்டும் கண்ணுக்கே தெரியாது. நுனியில் ஹோஸ் இருக்கிறது, ஹோஸின் மறுமுனையில் மெஷினின் வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறது. குழாய் விடுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஹோஸைக் கழற்றி ஒரு சொம்பைக் கீழே வைத்தால்தான் உண்மை வெளியே வரும். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். தண்ணீர்க் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: மூடாத குழாயை நம்பி ஊருக்குப் போனால், ஹோஸ் வெடிக்கும் நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்பிண்டில் மாற்றுவது கஷ்டமில்லை. மேல் டேங்க் லைனை மூடுங்கள். கைப்பிடியின் நடுவில் இருக்கும் சின்ன மூடியைக் கத்தி முனையால் நெம்பினால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை இழுத்து எடுத்தால் பித்தளை ஸ்பிண்டில் அறுகோணத் தலையோடு நிற்கும். ஸ்க்ரூ ஸ்பேனரை அதில் போட்டு இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது இன்னொரு கையால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்தே ஆக வேண்டும், முடிந்தால் இன்னொரு ஸ்பேனரால். இல்லாவிட்டால் ஸ்பிண்டிலுக்குப் பதில் குழாயே சுவரோடு திரும்பும், அங்கே ஒரு புது ஒழுகல் பிறக்கும்.

வெளியே வந்த ஸ்பிண்டிலின் அடியைப் பாருங்கள். பழைய மாதிரியென்றால் நுனியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அரை இன்ச் குழாய் வாஷர் வாங்கிப் போட்டால் சரி. புது மாதிரியென்றால் இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரும், அடியில் ஒரு ரப்பர் வளையம். தகடுகளுக்கு நடுவில் மணல் துகள் ஒன்று சிக்கினாலே போதும், சொட்டு நிற்காது. கழுவிப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். அடி வளையம் தட்டையாகிப் போயிருந்தால் புது ஸ்பிண்டில்தான். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உயரம், தண்டின் மேலுள்ள பல்லின் எண்ணிக்கை, கால் சுற்றா அரைச் சுற்றா என்று எதிலாவது மாறும். வாயால் சொல்லி வாங்கி வந்தால் இரண்டாம் முறை நடக்க வேண்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வைத்து ஏற்றுங்கள், வாஷர் நசுங்காமல் இருக்கும். இன்னொன்று: பித்தளைக் குழாயின் உள்ளே வாஷர் உட்காரும் வளையம் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் எந்த வாஷரும் நிற்காது. குழாயை மாற்றிவிடுங்கள்.

இப்போது சுவரோடு சேரும் மரை. டெஃப்லானுக்கு உண்மையில் வேலை இருக்கிற இடம் இதுதான். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடமும் இதுதான்.

முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. மொட்டை மாடி டேங்கின் அடியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வால்வு இருக்கும். பந்து வால்வாக இருந்தால் கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே வந்தால் மூடியது. சக்கரம் மாதிரி கைப்பிடி உள்ள கேட் வால்வு பல வருடம் தொடாமல் இருந்திருக்கும். அதை ஒரேயடியாக நெரிக்காதீர்கள், தண்டு முறிந்தால் டேங்கையே காலி செய்ய வேண்டிவரும். கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி என்று பழக்கிக் கொண்டுவாருங்கள். அபார்ட்மென்ட்டில் வால்வு பைப்புகள் இறங்கும் டக்டுக்குள் இருக்கலாம், மேல் வீட்டு லைனும் அதிலேயே இருக்கலாம்; சொல்லிவிட்டு மூடுவது நல்லது. மூடிய பிறகு அதே லைனில் தாழ்வாக இருக்கும் வேறொரு குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

குழாயைக் கழற்றுவதற்கு முன் சுவருக்குள் என்ன பைப் இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கட்டிய வீடென்றால் அநேகமாகப் பிளாஸ்டிக் பைப், அதன் முனையில் பித்தளை மரை பதித்த எல்போ, அதாவது வளைவு இணைப்பு. அதில் குழாய் சுலபமாகக் கழன்றுவரும், ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் எல்போ சுவருக்குள்ளேயே விரிசல் விடும். ரொம்பப் பழைய வீட்டில் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். துரு ஏறி மரையும் மரையும் ஒன்றாகிப் போயிருக்கும். மிதமான பலத்துக்கு அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மரைத் துண்டு உள்ளே முறிந்து தங்கிவிட்டால் அதை எடுப்பது பிளம்பருக்கே பெரும் பாடு.

கழன்றுவந்த குழாயின் மரையிலும் சுவருக்குள் இருக்கும் மரையிலும் பழைய டெஃப்லான், சணல், சுண்ணாம்புப் பொருக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாகத் துடையுங்கள். இந்த மரையை அளந்தால் 21 மில்லிமீட்டர் வரும், கடையில் அதற்குப் பெயர் அரை இன்ச். பைப்பின் உள்ளளவை வைத்து வந்த பழைய கணக்கு அது. டேப் வைத்து அளந்துவிட்டு முக்கால் இன்ச் குழாயைக் கேட்டு வாங்கி வராதீர்கள்.

டெஃப்லான் சுற்றும் திசைதான் முக்கியம். மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். அப்போதுதான் குழாயை ஏற்றும்போது டெஃப்லான் இறுகும். எதிர்த்திசையில் சுற்றினால் ஏற்ற ஏற்றச் சுருண்டு கழன்று வெளியே வந்து தொங்கும். முதல் ஒரு பள்ளத்தை விட்டுவிட்டு ஆரம்பியுங்கள், நுனியிலிருந்து பிசிறு தண்ணீருக்குள் போனால் மெஷின் வால்வின் வலையில் போய்ச் சிக்கும். டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும், மரையின் பற்கள் டேப்புக்கு அடியில் வரிவரியாகத் தெரியும் அளவுக்கு. கடையில் கிடைக்கும் மெல்லிய டேப்பென்றால் 12 முதல் 15 சுற்று தேவைப்படும். நான்கைந்து சுற்றோடு விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அப்புறம் குழாயை நேராக வைத்துக் கையால் ஏற்றுங்கள். கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. பளபளப்பான குழாயென்றால் ஸ்பேனரின் வாய்க்கு நடுவில் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முலாம் உரிந்துவிடும். குழாயின் வாய் கீழே பார்த்து நிற்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல் வரும்: நன்றாக இறுகிய நிலையில் வாய் கீழ்நோக்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் தாண்டி நிற்கும். உடனே, கொஞ்சம் பின்னால் திருப்பிவிடலாமே என்று தோன்றும். திருப்பக் கூடாது. டெஃப்லான் அழுந்திய இடத்திலிருந்து பின்வாங்கினால் அந்த இணைப்பு அவ்வளவுதான், ஒழுகும். இன்னும் முன்னால் ஒரு சுற்று போக இடம் இருந்தால் போங்கள். கை கனத்துவிட்டால் முழுக்கக் கழற்றி, டேப்பை உரித்துவிட்டு, இரண்டு மூன்று சுற்றுக் கூடுதலாகச் சுற்றி மறுபடி ஏற்றுங்கள். கூடுதலாகச் சுற்றினால் முன்கூட்டியே இறுகும், அதை வைத்து வாயின் திசையைக் கொண்டுவந்துவிடலாம். எரிச்சல் தரும் வேலைதான். பிளம்பரும் இதையேதான் செய்கிறார், என்ன, கை பழகியிருப்பதால் ஒரே தடவையில் வந்துவிடுகிறது.

லைனைத் திறக்கும்போது மெதுவாக. ஹோஸை மாட்டாமல் குழாயைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீரை வீணாகப் போகவிடுங்கள். பைப்பில் அசைந்த துரு, மண், டேப் பிசிறு எல்லாம் அதோடு போய்விடும். காற்று "புஸ் புஸ்" என்று வருவது நின்ற பிறகு ஹோஸை மாட்டலாம்.

மெஷினின் பின்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அதே முக்கால் இன்ச் நட்டு, அதே வாஷர். மெஷின் பக்க மரை பிளாஸ்டிக், அதனால் கையால் மட்டும் இறுக்குங்கள். கழற்றும்போது உள்ளே சின்ன வலை தெரிந்தால் குறட்டால் மெல்ல இழுத்துக் கழுவிவிட்டுத் திரும்ப வையுங்கள். ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி நசுங்கும் இடத்தில் முக்கியமாக. வெடிப்போ, கொப்புளம் மாதிரி புடைப்போ இருந்தால் ஒட்ட வைக்காமல் மாற்றிவிட வேண்டும். ஒழுகாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. இன்னொரு சங்கதி: மெஷின் அணைந்திருக்கும்போதே டிரம்முக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றால் குழாயைக் குறை சொல்லாதீர்கள். மெஷினின் இன்லெட் வால்வு போயிருக்கிறது, அதற்கு சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும்.

எம்சீல் (பிசைந்து அப்பினால் இறுகிவிடும் பசை) பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். வெளியே அப்பினால் போதும் என்பார்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வந்துகொண்டிருக்கும் இடத்தில் ஈரத்தின் மேல் அப்பிய எம்சீல் ஒட்டாது. லைனை மூடிக் காயவைத்து அப்பினாலும், மெஷின் அதிரும்போதெல்லாம் ஓரம் விடத் தொடங்கும். அதைவிட மோசம், அடுத்து ரிப்பேர் செய்பவருக்கு மரையே தெரியாமல் கல் மாதிரி மூடிவிடும். வாடகை வீட்டில் காலி செய்யப்போகிற கடைசி வாரமென்றால் வேண்டுமானால் செய்யுங்கள். வீட்டுக்காரர் உங்களைத் திட்டுவது வேறு விஷயம்.

"டொக்" சத்தம் பலமாகக் கேட்கும் வீடுகளில், எல்லாவற்றையும் சரி செய்த பிறகு குழாயை முழுதாகத் திறக்காமல் பாதி மட்டும் திறந்து வையுங்கள். மெஷினில் தண்ணீர் நிரம்பக் கொஞ்சம் நேரம் கூடும், அடி குறையும். தண்ணீர் வரவில்லை என்று மெஷின் எச்சரிக்கை காட்டினால் இன்னும் சற்றுத் திறந்துகொள்ளலாம். துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடும் பழக்கம் இருந்தால் வாஷரும் ஹோஸும் இரண்டு மடங்கு நாள் உழைக்கும் என்றுகூடச் சொல்வேன். அது அளந்து சொன்ன கணக்கு இல்லை, பார்த்துச் சொல்வது.

வேலை முடிந்ததும் பழையபடி செய்தித்தாள் துண்டுகளைச் சுற்றி வைத்து ஒரு முழுத் துவைப்பு ஓடவிடுங்கள். இரவு குழாயைத் திறந்தே விட்டு, காலையில் தாளைப் பாருங்கள். சுவரோர இணைப்பில் முதல் நாள் ஒரு ஈர வளையம் மட்டும் தெரிந்து மறுநாள் காய்ந்துவிட்டால் கவலை இல்லை. சொட்டாகத் திரண்டால் மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும், மேலும் இறுக்கிப் பயனில்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. குழாய், நட்டு எல்லாம் காய்ந்திருக்க, சுவர் மட்டும் குழாயைச் சுற்றி நமத்துப் பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே எல்போ விரிசல். டைல்ஸை எடுக்காமல் முடியாது. ஜிஐ பைப்பில் குழாய் அசையவே இல்லையென்றாலும், மாடி வால்வு எவ்வளவு திருப்பியும் தண்ணீரை நிறுத்தவில்லையென்றாலும் அப்படியே. அப்போது "பைப் ஒழுகுது" என்று மட்டும் போனில் சொல்லாதீர்கள். உள்ளே ஜிஐ பைப்பா பிளாஸ்டிக்கா, குழாயை மூடினால் ஒழுகல் நிற்கிறதா இல்லையா, மேலே வால்வு வேலை செய்கிறதா, இந்த மூன்றையும் சொல்லி ஒரு போட்டோவையும் அனுப்பிவிட்டால், வந்து பார்த்துவிட்டு சாமான் வாங்கப் போகிறேன் என்று கிளம்பாமல், தேவையானதை எடுத்துக்கொண்டே வருவார்.